வீட்டு ஒலிக்கருவியும் எண்முறை இசையும்

இசைத்தட்டும் ஒலிநாடாவும் இருந்த இடத்தில் இன்று கோப்புகள் இருக்கின்றன. ஒரு குடும்பத்தார் பல ஆண்டுகளாகச் சேர்த்த இசை முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டியொன்றில் வந்துவிட்டது. கணினியிலோ கைப்பேசியிலோ அதனைத் திறந்து, ஆம்பிளிபயர் வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பாட்டுக் கேட்கிறது. எனினும், இவ்வாறு கேட்போர் பலருக்கு மனநிறைவு உண்டாவதில்லை. மிருதங்கத்தின் தொப்பி மொத்தென்று ஒலிக்கிறது. பாடகரின் சொற்கள் தெளிவாக விளங்குவதில்லை. சிறிது நேரத்தில் காது சலித்துப் போகிறது. குறை எங்கே உள்ளது என்பதை அறியாமல், விலை உயர்ந்த கம்பிகளையும் புதுப்புது மாற்றிகளையும் வாங்குகின்றனர். பணம் செலவாகிறது, குறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எண்களாக இருக்கும் இசை, செவியை அடையும்வரை ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. அவையாவன: கோப்பு, எண்களை மின்னலையாக்கும் மாற்றி, ஆம்பிளிபயர், ஒலிபெருக்கி, அறை. ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு பிழையைச் சேர்க்கிறது என்று அளந்து பார்த்தால், முதல் மூன்றின் பிழை மிகச் சிறிது என்பதும், கடைசி இரண்டின் பிழை பன்மடங்கு பெரிது என்பதும் விளங்கும். வீட்டில் இசை கேட்க விரும்புவோர்க்கு இவ்வுண்மை தெரிந்தால் பணமும் உழைப்பும் உரிய இடத்தைச் சேரும். பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் ஒலிக்கருவி அமைக்கும் பொறுப்புடைய ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இது பெரிதும் பயன்படும்.

ஒலி எண்ணாவது எவ்வாறு?

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதால் உண்டாவது. ஒலிவாங்கி இதனை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. அம்மின்னழுத்தத்தைச் சமமான சிறு கால இடைவெளிகளில் அளந்து, அளவுகளை எண்களாகக் குறித்துக்கொள்வதே எண்முறை எனப்படும். பாரிஸ் நகரில் பணிபுரிந்த ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், தொலைபேசிப் பேச்சை இவ்வாறு எண்களாக்கி அனுப்பும் முறையை 1937இல் வகுத்தார். அக்காலத்து வால்வுகளைக் கொண்டு அதனைச் சிக்கனமாகச் செய்ய இயலவில்லை. டிரான்சிஸ்டர் வந்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது.

இடைவெளி விட்டு விட்டு அளந்தால், நடுவிலுள்ள ஒலி தொலைந்துபோகாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. இதற்கு விடை கணிதத்தில் உள்ளது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரிகள் எடுக்கப்பட்டால், அம்மாதிரிகளிலிருந்து அலையை முழுமையாகத் திரும்பப் பெறலாம். இதனை அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக நிறுவினார். வகுப்பறையில் இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைத் தந்தால், அவற்றின் வழியே ஒரே ஒரு வட்டத்தைத்தான் வரைய முடியும். புள்ளிகளுக்கு இடையே வட்டம் எவ்வாறு செல்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதிர்வெண் வரம்புக்கு உட்பட்ட ஒலியலையும் அத்தகையதே. மாதிரிகளின் வழியே செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். அதனையே மாற்றி திரும்ப வரைகிறது. எண்முறை ஒலி படிக்கட்டுப் போன்ற வடிவத்துடன் செவியை அடைகிறது என்று சில விளம்பரங்களில் காணும் படம் இதனால் தவறாகிறது.

மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். வயது ஏற ஏற மேல்வரம்பு குறைகிறது. ஆகவே, விநாடிக்கு 40,000க்குச் சற்று மேற்பட்ட மாதிரிகள் போதுமானவை. சி.டி. எனப்படும் குறுந்தட்டுக்கு 44,100 என்ற எண் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குச் சுவையான காரணம் ஒன்றுண்டு. தொடக்கக் காலத்தில் எண்முறை ஒலியைத் தொலைக்காட்சிப் படம் பதியும் வீடியோ நாடாவில் பதிந்தனர். விநாடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள் எனப் பெருக்கினால் 44,100 கிடைக்கும். 50 புலங்களும் 294 வரிகளும் கொண்ட முறையிலும் அதே எண் கிடைப்பதால், இருவகை நாடுகளுக்கும் அது ஏற்றதாயிற்று. பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1980இல் வகுத்த இவ்விதியின்படி அமைந்த முதல் குறுந்தட்டுக் கருவி, 1982 அக்டோபர் 1ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

எவ்வளவு நுட்பம் போதும்?

குறுந்தட்டில் ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் கொண்ட எண்ணாக எழுதப்படுகிறது. இதனால் 65,536 வெவ்வேறு அளவுகளைக் குறிக்கலாம். ஒரு பிட் ஏறத்தாழ 6 டெசிபல் வீச்சைத் தருவதால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வேறுபாட்டை 16 பிட் தாங்கும். அமைதியான வீட்டு அறையிலேயே சுமார் 30 டெசிபல் ஓசை எப்போதும் இருக்கிறது. மின்விசிறி சுழன்றால் அது இன்னும் மிகும். அதற்கு மேல் 96 டெசிபல் வீச்சை முழுவதும் பயன்படுத்தினால் ஒலி 126 டெசிபலை எட்டும். அது செவிக்கு வலியையும் கேட்டையும் விளைவிக்கும் அளவாகும். எனவே, கேட்பதற்கு 16 பிட் போதுமானது.

விநாடிக்கு 96,000 அல்லது 192,000 மாதிரிகளும் 24 பிட்டும் கொண்ட கோப்புகள் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. இவற்றின் பயனைச் சோதித்தவர்களுள் அமெரிக்காவைச் சேர்ந்த மேயர், மோரன் ஆகிய இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். உயர்நுட்பத் தட்டிலிருந்து வரும் ஒலியை நேரே ஒருமுறையும், குறுந்தட்டின் அளவுக்குக் குறைக்கும் கருவியின் வழியே மற்றொரு முறையும் கேட்கச் செய்து, எது எது என்று கூறுமாறு அவர்கள் கேட்டனர். 2007இல் வெளியான முடிவின்படி, 554 சோதனைகளில் 276 விடைகளே சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான் கிடைத்திருக்கும்.

24 பிட் வீணானதென்று இதனால் கொள்ளலாகாது. ஒலிப்பதிவு செய்யும்போதும், பதிந்ததைத் திருத்தும்போதும் அது மிகவும் பயன்படுகிறது. கணினியிலேயே ஒலியளவைக் குறைத்துக் கேட்பவர்களுக்கும் மாற்றி 24 பிட்டில் இயங்குவது நல்லது. 48 டெசிபல் குறைத்தாலும் 16 பிட் நுட்பம் அப்படியே எஞ்சி நிற்கும்.

கோப்பின் வகைகள்

குறுந்தட்டின் ஒலி விநாடிக்கு 1,411,200 பிட் இடத்தைக் கொள்கிறது. இதனைச் சுருக்குவதற்கு இருவகை முறைகள் உண்டு. ஒன்று, எதனையும் இழக்காமல் சுருக்குவது. 2001இல் முழு வடிவம் பெற்ற ஃப்ளாக் இவ்வகையைச் சார்ந்தது. துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது இது. விரித்தால் ஓர் இழையும் குறைவதில்லை. கோப்பின் அளவு பெரும்பாலும் பாதியளவுக்கு வந்துவிடும்.

மற்றொன்று, செவி கவனிக்காதவற்றை நீக்கிச் சுருக்குவது. உரத்த ஓர் ஒலி, தன் அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உருவாக்கிய எம்.பி.3 இவ்வகையைச் சார்ந்தது. விநாடிக்கு 128,000 பிட் அளவில் இது மூலத்தின் பதினொன்றில் ஒரு பங்கு இடமே கொள்ளும். அவ்வளவு சுருக்கும்போது ஜால்ரா, கஞ்சிராவின் சலங்கை போன்ற கூரிய ஒலிகள் கலங்கிப் போவதைப் பயிற்சியுள்ள செவி உணரும். 256,000 பிட்டுக்கு மேல் சென்றால், மூலத்திலிருந்து வேறுபடுத்திக் காண்பது பெரும்பாலோர்க்கு அரிது. ஆயினும், சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் பிழை பெருகும். ஆதலின், சேமித்து வைப்பதற்கு ஃப்ளாக் போன்ற இழப்பற்ற வகையே தக்கது. புளூடூத் வழியாக அனுப்பும்போதும் பெரும்பாலும் இழப்புடன் கூடிய சுருக்கம் நிகழ்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அமர்ந்து கவனித்துக் கேட்பதற்குக் கம்பி இணைப்பே சிறந்தது.

கோப்பின் வகையைவிடப் பதிவின் தரமே முக்கியம் என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். மெல்லிய இடங்களையெல்லாம் உரக்கச் செய்து, ஏற்றத்தாழ்வின்றி அழுத்திப் பதியப்பட்ட பாட்டை எந்தக் கருவியாலும் திருத்த இயலாது. கேட்கும்போது காது சலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய கருவியைக் குறை கூறுவதற்கு முன்பு, நன்கு பதியப்பட்ட வேறு இரண்டு மூன்று பாடல்களைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

மாற்றியும் இணைப்பும்

எண்களை மின்னலையாக்கும் மாற்றி, கடைகளில் டாக் என்ற பெயரால் வழங்குகிறது. கைப்பேசியிலும் கணினியிலும் குறுந்தட்டுக் கருவியிலும் இது உள்ளடங்கியுள்ளது. தனிப் பெட்டியாகவும் கிடைக்கிறது. நன்கு அமைக்கப்பட்டதாயின், விரலளவேயுள்ள மலிவான மாற்றியும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபலுக்கும் குறைந்த வேறுபாட்டுடன் ஒலியைத் தரும். அதன் சிதைவு நூற்றில் ஒரு பங்கின் நூற்றில் ஒரு பங்கை எட்டுவதில்லை. நல்ல ஒலிபெருக்கியிலேயே அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் 3 டெசிபல் ஏற்றத்தாழ்வு இருப்பது வழக்கம். தாழ்ந்த ஒலிகளில் சிதைவு நூற்றில் ஒரு பங்குக்கும் மேலாகும். அறையோ தாழ்ந்த ஒலிகளில் 10 முதல் 15 டெசிபல் வரை ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடும். மாற்றிக்கும் அறைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நோக்கினால், பணத்தின் பெரும்பகுதியை மாற்றியில் செலவிடுவது பொருந்தாது என்பது வெளிப்படை.

எண்களைக் கொண்டு செல்லும் கம்பியின் விலையால் இசையின் இனிமை கூடுவதில்லை. எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஒலி முழுமையாக இருக்கும். சேராவிட்டால் 'டிக்' என்ற ஓசையோ இடைநிறுத்தமோ கேட்கும். சிறிது இனிமை குறைந்தது, சிறிது மங்கியது என்ற நிலை அங்கு இல்லை.

ஆயினும், உண்மையான குறை ஒன்று இணைப்பில் அடிக்கடி ஏற்படுகிறது. அது 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும் இரைச்சல். கணினியும் ஆம்பிளிபயரும் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டிருந்தால், இரண்டுக்கும் இடையே இணைப்புக் கம்பியில் சிறு மின்னோட்டம் ஓடி இவ்விரைச்சலை உண்டாக்கும். மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிவிட்டு, பாட்டரியில் இயக்கிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இரைச்சல் நின்றால் குறை எர்த் சுற்றில் உள்ளது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் இணைப்பது முதல் பரிகாரம். இயலுமாயின், ஒளிக்கம்பியால் இணைப்பது அடுத்தது. ஒளிக்கம்பியில் மின்சாரம் செல்லாது. எர்த் முனையை ஒடித்துவிட்டு இரைச்சலை நிறுத்துவோரும் உளர். இது உயிருக்கு ஆபத்தானது, ஒருபோதும் செய்யலாகாது.

ஆம்பிளிபயர் எத்தனை வாட் திறனுடையதாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக் காணலாம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் தரும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் தொலைவில் அது 80 டெசிபலாகும். இரண்டு ஒலிபெருக்கிகள் சேரும்போது 83 டெசிபல். வீட்டில் சராசரியாக 75 டெசிபலில் கேட்டு, உச்ச ஒலிகளுக்காக மேலும் 20 டெசிபல் ஒதுக்கினால் 95 டெசிபல் தேவை. எஞ்சிய 12 டெசிபலுக்குப் பதினாறு மடங்கு திறன் வேண்டும். அதாவது, ஒலிபெருக்கி ஒன்றுக்கு 16 வாட். ஆகவே, சிறிய அறைக்கு 25 அல்லது 30 வாட் ஆம்பிளிபயர் தாராளமானது. நூற்றுக்கணக்கான வாட் என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை.

ஒலிபெருக்கியின் தேர்வு

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பிளாயிட் டூல் என்ற அறிஞர், ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னே மறைத்து வைத்து, கேட்போரின் விருப்பத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பெயரும் விலையும் தெரியாதபோது, கேட்போரின் கருத்துகள் பெரிதும் ஒத்திருந்தன. நேர் எதிரே எல்லா அதிர்வெண்களையும் சமமாகத் தருவதும், பக்கவாட்டிலும் ஒலி திடீர் மாற்றமின்றிச் சீராகக் குறைவதும் ஆகிய இரு பண்புகளை உடைய ஒலிபெருக்கிகளையே அவர்கள் விரும்பினர். 1986இல் இம்முடிவுகள் வெளியாயின. எனவே, ஒலிபெருக்கி வாங்கும்போது அளவீட்டு வரைபடத்தைக் கேட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

இந்திய இசை கேட்போர்க்கு இப்பண்பு இன்னும் முக்கியமானது. சாதாரணத் தோற்கருவியின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக அமைவதில்லை. ஆதலின் அதில் சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் இடப்படும் கருஞ்சாந்து, இம்மேலதிர்வுகளை முழு மடங்குகளாக ஒழுங்கு செய்கிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் எடுத்துக்காட்டினார். தம்புராவின் நாதமும் எண்ணிறந்த மேலதிர்வுகள் ஒன்றுசேர்வதால் உண்டாவது. ஒலிபெருக்கி சில அதிர்வெண்களை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும் காட்டினால், இவ்வொழுங்கு கெட்டுக் கருவியின் குணமே மாறிவிடும். ஆண் குரலுக்குச் சேர்க்கும் தம்புராவின் மந்தரத் தந்தி ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒலி மிகவும் குறைந்துவிடும். மேலதிர்வுகளைக் கொண்டு மூளை அந்த மந்தர ஒலியை ஊகித்துக்கொள்கிறதேயன்றி, அது அறையில் ஒலிப்பதில்லை. ஒலிபெருக்கியைச் சோதிக்கத் தம்புராவும் மிருதங்கமும் உள்ள நல்ல பதிவைவிடச் சிறந்தது வேறில்லை.

அறையின் பங்கு

ஒலி, வெப்பமான நம் நாட்டுக் காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. 20,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 17 மீட்டருக்கு மேல். அறையின் நீளம் ஓர் அலைநீளத்தின் பாதிக்குச் சமமாகும்போது, அந்த ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலைபெற்று நிற்கும். 4 மீட்டர் நீளமுள்ள அறையில் இது 44 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் அகலத்துக்கு 58 ஹெர்ட்ஸிலும் நிகழும். அறையின் உயரமும் 3 மீட்டராயின், அகலத்தின் அதிர்வும் உயரத்தின் அதிர்வும் ஒன்றாகச் சேர்ந்து 58 ஹெர்ட்ஸ் மிகவும் வீங்கி ஒலிக்கும். தொப்பியின் ஒலி மொத்தென்று கேட்பதற்குப் பெரும்பாலும் இத்தகைய வீக்கமே காரணம். அதனை எந்த மாற்றியும் போக்காது.

நிலைபெற்ற அலையின் அழுத்தம் சுவரருகே மிகுந்தும், அறையின் நடுவே மிகக் குறைந்தும் இருக்கும். சரியாக அறையின் நடுவில் அமர்பவர்க்கு 44 ஹெர்ட்ஸ் கேட்பதில்லை. பின்சுவரை ஒட்டி அமர்பவர்க்கு அது அளவுக்கு மீறிக் கேட்கும். 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஓர் ஒலியை இசைக்கச் செய்து, அறையில் நடந்து பார்த்தால் இதனை எவரும் உணரலாம். ஒலி சீராகக் கேட்கும் இடத்தில் நாற்காலியைப் போடுவதற்குச் செலவு ஏதுமில்லை. இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமையுமாறும், உயர்ந்த ஒலி தரும் சிறு ஒலிபெருக்கி காதின் உயரத்தில் இருக்குமாறும், எதுவும் மூலையில் ஒட்டாதவாறும் வைத்தல் வேண்டும். எஞ்சும் வீக்கங்களைக் கணினியில் உள்ள சமன்செய்யும் மென்பொருளால் குறைக்கலாம். பள்ளங்களை நிரப்ப முயலக்கூடாது. அது ஆம்பிளிபயரின் திறனை வீணாக்குமேயன்றி ஒலியைத் தராது.

சொற்கள் தெளிவாக விளங்காமைக்குக் காரணம் எதிரொலிப்பு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்காதிருந்தது. 1895இல் இதனைச் சீர்செய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், பக்கத்துக் கலையரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி எளியது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள அறையின் கன அளவு 36 கன மீட்டர். சுவர், தரை, கூரை ஆகியவற்றின் பரப்பு 66 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியை உறிஞ்சுகிறது எனக் கொண்டால், உறிஞ்சும் பரப்பு 2 சதுர மீட்டர் மட்டுமே. ஒலி அடங்க ஏறத்தாழ 2.9 விநாடி ஆகும். அதே அறையில் பஞ்சு மெத்தை, கனத்த திரைச்சீலை, சமக்காளம், நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவற்றால் 10 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பைச் சேர்த்தால், அந்நேரம் அரை விநாடிக்குக் குறைந்துவிடும். வெற்றறையில் ஒருமுறை கைதட்டிக் கேட்டு, பொருள்களை வைத்த பின் மறுமுறை கைதட்டிக் கேட்டால் மாணவர்களுக்கு இது நன்கு பதியும். மெல்லிய பஞ்சுத் தகடுகள் உயர்ந்த ஒலிகளை மட்டுமே உறிஞ்சும் என்பதையும் உணர்த்த வேண்டும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர்; அதனை அடக்க விரற்கடை கனமுள்ள தகடு எவ்வாறு போதும்?

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

இரு கருவிகளுள் எது சிறந்தது என்பதைச் செவியால் தீர்மானிக்கும்போது இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, சிறிதளவு உரக்க ஒலிப்பது செவிக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. ஆகவே, இரண்டையும் சம அளவில் வைத்தல் வேண்டும். 400 ஹெர்ட்ஸ் தனியொலியை இசைத்து, ஒலிபெருக்கியின் முனைகளில் மல்டிமீட்டரால் மாறுமின்னழுத்தத்தை அளந்து, இரண்டும் நூற்றில் ஒரு பங்குக்குள் ஒத்திருக்குமாறு செய்தால் வேறுபாடு 0.1 டெசிபலுக்குள் அடங்கும். இரண்டாவது, கண்ணால் காண்பது காதின் தீர்ப்பை மாற்றிவிடுகிறது. ஒலிபெருக்கிகள் மறைக்கப்பட்டிருந்தபோது அளித்த மதிப்பு, அவை கண்ணுக்குத் தெரிந்தபோது மாறியதை ஷான் ஆலிவ் என்பவர் 1994இல் சோதனையால் காட்டினார்.

எனவே, ஒருவர் நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்துக்கேற்ப இரு கருவிகளுள் ஒன்றை இணைக்க வேண்டும். அதனைக் காணாத மற்றொருவர் கேட்டு விடை எழுத வேண்டும். இவ்வாறு பத்து முறை செய்க. வெறும் ஊகத்தால் பத்தில் ஒன்பதோ பத்தோ சரியாகும் வாய்ப்பு 1,024இல் 11 மட்டுமே. ஆகவே ஒன்பது விடை சரியானால் வேறுபாடு உண்மையானது என நம்பலாம். ஐந்து அல்லது ஆறுதான் சரியாயின், அக்கருவிக்குச் செலவிட இருந்த பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். நிகழ்தகவைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல செய்முறைப் பயிற்சி கிடைப்பது அரிது.

செவியையும் பதிவையும் காத்தல்

எந்தக் கருவியையும் மீண்டும் வாங்கலாம். இழந்த செவித்திறனை வாங்க இயலாது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதே வயதுவந்தோர்க்குப் பாதுகாப்பான வரம்பு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்நேரம் பாதியாகும். 83 டெசிபலுக்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி. ஹெட்போனில் உரக்கக் கேட்கும் மாணவர்களுக்கு இக்கணக்கை எடுத்துக் கூறுவது ஆசிரியர்களின் கடமையாகும்.

பதிவுகளும் அவ்வாறே. கடையில் கிடைக்கும் பாட்டு அழிந்தால் மறுபடியும் பெறலாம். ஊரிலுள்ள முதியவர் பாடிய தாலாட்டு, பள்ளி விழாவில் பதிந்த கூத்து, மறைந்த நாதஸ்வரக் கலைஞரின் ஒரே நாடா ஆகியவை அழிந்தால் அழிந்தவையே. இத்தகைய நாடாக்களை எண்முறைக்கு மாற்றும்போது 24 பிட்டும், விநாடிக்குக் குறைந்தது 48,000 மாதிரிகளும் கொள்ள வேண்டுமென்பது உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் வகுத்த நெறி. கோப்பின் படிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, கெட்டதை நல்ல படியிலிருந்து புதுப்பிக்க வேண்டும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு

மேற்கூறியவற்றால், வீட்டில் எண்முறை இசைக்கருவி அமைப்போர் பின்பற்ற வேண்டிய வரிசை தெளிவாகிறது. முதலில் இருப்பதைக் கொண்டே ஒலிபெருக்கிகளையும் நாற்காலியையும் இடம் மாற்றிப் பார்த்தல்; அடுத்து அறையின் எதிரொலிப்பை மெத்தை, திரை, நூலலமாரி ஆகியவற்றால் குறைத்தல்; பின்னர் வாங்குவதாயின் நல்ல ஒலிபெருக்கிகளை வாங்குதல்; அவற்றுக்குப் போதுமான அளவில் ஆம்பிளிபயரைத் தேர்தல்; இரைச்சல் இருந்தால் காரணம் கண்டு நீக்குதல். இவையெல்லாம் முடிந்த பின்னும் குறை தோன்றினால் மட்டுமே மாற்றியைப் பற்றி எண்ணுதல் தகும். அப்போதும் நாணயச் சோதனையைச் செய்த பின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும்.

இவ்வரிசையின் முதல் இரண்டு படிகளுக்கு ஒரு நாள் மாலைப் பொழுதும், வீட்டிலுள்ள சமக்காளமும் போதும். அவற்றைச் செய்து பார்த்த வீட்டில் தொப்பியின் ஒலி சீராகி, பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்கினால், புதிய பெட்டி ஏதும் வாங்க வேண்டிய தேவையே எழாமலும் போகலாம்.